விடுதிக்குள் வழி தேடி அலைய வேண்டாம்: பலகைகள், அறை எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கொலேஜ் கெடியாமானில், அதாவது மாணவர் விடுதியில், தங்கிப் படிக்கிறேன். மாணவர் செயற்குழுவில் பலகைகளும் வழிகாட்டலும் என் பொறுப்பு. மற்ற விடுதிகளில் இருக்கும் நண்பர்கள், ஜூனியர் தம்பி தங்கைகள், சில சமயம் பெற்றோர்கூட இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது அவ்வளவு பெரிய விஷயமா? இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் வழி பழகிவிடுமே?

தங்கியிருப்பவர்களுக்குப் பழகிவிடும். ஆனால் பலகை முக்கியமாக அவர்களுக்காக வைப்பதில்லையே. முதல் முறை வருகிற ஒவ்வொருவருக்கும் அது வேண்டும்: பதிவு நாளில் மூட்டை முடிச்சோடு வரும் குடும்பம், சாப்பாடு கொண்டுவரும் கிராப் தம்பி, குழாய் பழுது பார்க்க வருபவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஆம்புலன்ஸில் வருபவர்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா வந்து மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைத்தோழி 999-ஐ அழைத்து "சி பிளாக், மூன்றாம் மாடி" என்கிறாள். கேட்டில் இருக்கும் காவலர் பாக் கார்டுக்கு அது வேறு பெயரில்தான் தெரியும், லிஃப்டில் அந்த மாடிக்கு வேறு எண். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் எந்தக் கதவுக்குப் போவார்கள்? இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். மற்றதெல்லாம் வசதி, இது உயிர்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? புதுப் பலகை அடிக்கக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம், அச்சடிப்பது கடைசி வேலை. முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு விடுதியைச் சுற்றி நடந்து, ஒரே இடத்துக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பிளாக்குக்கு ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், ஒரு தலைவரின் பெயரோ மலரின் பெயரோ இன்னொன்று இருக்கும், சீனியர்கள் வைத்த பட்டப்பெயர் வேறு. அறைச்சாவியில் ஓர் எண், கதவில் ஓர் எண், பல்கலைக்கழகத்தின் இணையப் பதிவில் இன்னோர் எண். தீ அபாய மணிப் பெட்டியில் எழுதியிருக்கும் பிளாக் பெயரையும் மறக்காமல் பாருங்கள். மணி அடிக்கும்போது பாக் கார்ட் அதைப் படித்துவிட்டுத்தான் ஓடுவார். அந்தப் பெயர் சுவரில் எங்கேயும் இல்லையென்றால் அவர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் இடத்துக்கு ஒரே பெயர். சாவி, கதவு, லிஃப்ட், வரைபடம், இணையப் பதிவு, மணிப் பெட்டி எல்லாவற்றிலும் அதே பெயர். பெயர் குழம்பியிருக்கும்போது அழகான பலகை அடித்தால் குழப்பத்தைத்தான் அச்சடித்து மாட்டுவோம்.

அறை எண்களையே மொத்தமாக மாற்றிவிட்டால் நல்லதில்லையா?

மிகவும் யோசித்துச் செய்ய வேண்டியது அது. எண் மாறினால் சாவிப் பதிவு, கட்டணப் பதிவு, பராமரிப்புப் புகார், தீயணைப்பு வரைபடம் எல்லாம் மாற வேண்டும், ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். இருக்கும் எண்ணில் ஓர் ஒழுங்கு இருந்தால் அதையே தெளிவாகக் காட்டினால் போதும். பிளாக், மாடி, அறை என்ற வரிசையில் ஏ-03-12 மாதிரி இருந்தால் அது நல்ல எண்தான். அந்த நடு எண் மாடியைக் குறிக்கிறது என்று லாபியில் ஒரு வரி எழுதி வையுங்கள். அது தெரியாமலேயே லிஃப்ட் முன்னால் நிற்பவர்கள் நிறையப் பேர்.

எங்கள் விடுதி மேட்டில் இருக்கிறது. ஒரு பிளாக்கின் தரைத்தளம் பக்கத்துப் பிளாக்கில் இரண்டாம் மாடி. என்ன செய்வது?

கோலாலம்பூரில் இது சாதாரணம். மேடும் பள்ளமுமான நிலத்தில் கட்டிய வளாகங்கள் பல. கார் நிறுத்தும் பக்கம் உள்ளே நுழைந்தால் மூன்றாம் மாடி, கஃபே பக்கம் நுழைந்தால் தரைத்தளம், இரண்டு பிளாக்கை இணைக்கும் நடைபாலத்தைத் தாண்டினால் நடுவிலேயே மாடி எண் மாறிவிடும். தெரியாதவர் தாம் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எப்படி மாடி மாறியது என்று திகைத்துப்போவார்.

எல்லாப் பிளாக்குக்கும் ஒரே மட்டக் கணக்கு வைப்பதுதான் முழுத் தீர்வு. அதாவது கடைசிப் பள்ளத்தில் இருக்கும் தளத்தை 1 என்று வைத்து, ஒரே உயரத்தில் இருக்கும் தளங்களுக்கு எல்லாப் பிளாக்கிலும் ஒரே எண். புதிதாகக் கட்டும் விடுதியில் இதைச் செய்யலாம், செய்யச் சொல்லிக் கேட்கவும் வேண்டும். பழைய கட்டடத்தில் மேலே சொன்ன காரணத்தால் எண்ணைத் தொடாமல் இரண்டு இடத்தில் பலகை வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு நுழைவாயிலிலும் "நீங்கள் நுழைவது பி பிளாக், ஆராஸ் 3" என்று உள்ளே காலடி வைக்கும் முன்பே சொல்வது (ஆராஸ் என்றால் மலாயில் தளம்). இன்னொன்று, நடைபாலத்தின் இரு முனையிலும்: "ஏ பிளாக் ஆராஸ் 1-இலிருந்து பி பிளாக் ஆராஸ் 3-க்கு". வெட்டுப்படம் ஒன்று, அதாவது கட்டடத்தைப் பக்கவாட்டில் அறுத்துக் காட்டும் படம், லிஃப்ட் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மேலிருந்து பார்க்கும் சாதாரண வரைபடத்தால் சரிவைக் காட்ட முடியாது. நிறைய விடுதிகளில் வரைபடம் இருந்தும் யாரும் அதைப் பார்க்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நான்காம் மாடிக்கு 3ஏ என்று போட்டிருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்லலாமா?

சீன மொழியில் நான்கின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லுக்கு நெருக்கமானது. அதனால் மலேசியாவில் நிறையக் கட்டடங்களில் 4 இல்லை, 3ஏ தான். அந்த நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் லிஃப்டில் 3ஏ, மாடிப்படியில் 4, அறைக்கதவில் 04 என்று கலந்து இருக்கக்கூடாது. வெளியே நின்று மாடிகளை எண்ணிப் பார்க்கும் பொம்பாகாரருக்கும் (தீயணைப்பு வீரருக்கும்) உள்ளேயிருந்து சொல்பவருக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். 3ஏ என்றால் எல்லா இடத்திலும் 3ஏ.

பலகையை எங்கே மாட்டுவது?

நடப்பவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் இடமா வலமா என்று நிற்கிறாரே, அங்கே. மாடிப்படி முடியும் இடத்தில், நடைபாதை பிரியும் இடத்தில், கேட்டைத் தாண்டியதும் வரும் முதல் சந்திப்பில். நீளமான நடைபாதையின் நடுவில் மாட்டும் பலகை பெரும்பாலும் வீண், அங்கே யாருக்கும் கேள்வியே இல்லை. ரொம்ப நீளமாக இருந்தால் மட்டும் "சரியாகத்தான் போகிறோம்" என்று உறுதி சொல்ல ஒன்று இருக்கட்டும்.

லிஃப்டுக்கு எதிர்ச்சுவரில் "01–12 இடப்பக்கம், 13–24 வலப்பக்கம்" என்று அம்புக்குறியோடு எழுதுவதுதான் என் கணக்கில் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் வேலை. அதற்கு அடுத்தது மாடிப்படிக்குள் ஒவ்வொரு தளத்திலும் சுவரில் பெரிதாக மாடி எண். படிக்கட்டு எல்லா மாடியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், மூச்சு வாங்க ஏறி வருபவர் எந்த மாடியில் நிற்கிறோம் என்று தெரியாமல் கதவைத் திறந்து திறந்து பார்ப்பார்.

கஃபே, டோபி (சலவை இடம்), சூராவ் (முஸ்லிம்களின் தொழுகை அறை), அலுவலகம் இந்த நான்கையும்தான் வெளியாட்கள் அதிகம் கேட்பார்கள். ஒரு சந்திப்பில் டோபிக்கு அம்புக்குறி போட்டால் அடுத்த சந்திப்பிலும் போட வேண்டும், டோபி வாசல்வரை தொடர வேண்டும். பாதியில் கைவிடும் அம்புக்குறியைவிட அம்புக்குறி இல்லாமல் இருப்பதே மேல், ஏனென்றால் அப்போதாவது ஆள் யாரிடமாவது கேட்பார்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

10 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் எழுத்தின் உயரம் 4 முதல் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தூரம் இரட்டித்தால் எழுத்தும் இரட்டிக்க வேண்டும். காரிலிருந்து படிப்பதற்கு இன்னும் பெரிது வேண்டும், வார்த்தை இன்னும் குறைவாக இருக்க வேண்டும். வளைவு நெளிவு எழுத்துரு வேண்டாம். பளபளப்புப் பரப்பில் டியூப் லைட் பட்டால் பாதி எழுத்து மறைந்துவிடும், மங்கல் பரப்பே நல்லது. முடிந்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 தாள்களை ஒட்டி உண்மையான அளவில் ஒரு மாதிரி செய்து, இரவில் நடைபாதை விளக்கில் பாருங்கள். கணினித் திரையில் எல்லாப் பலகையும் அழகாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாமா?

தாராளமாக, ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். நம் ஊர் ரயிலைப் பாருங்கள். கெலானா ஜெயா எல்ஆர்டி பாதைக்கு ஒரு நிறம் இருக்கிறது, 5 என்ற எண் இருக்கிறது, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் குறியீடும் இருக்கிறது. மஸ்ஜித் ஜாமெக் கேஜே13, கேஎல் சென்ட்ரல் கேஜே15, யூனிவர்சிட்டி கேஜே19. நிறம் தெரியாதவர் எண்ணைப் பார்ப்பார், மலாய் படிக்கத் தெரியாதவர் குறியீட்டைப் பார்ப்பார். விடுதியிலும் அப்படியே: நிறம், பெரிய எழுத்து, பெயர் மூன்றும் சேர்ந்து வரட்டும். நிறங்கள் நான்கைந்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது.

இன்னொன்று, வெளியேறும் வழியைக் காட்டும் "கெலுவார்" பலகையின் நிறத்தோடு குழம்புகிற மாதிரி எந்தப் பிளாக்குக்கும் பச்சை கொடுக்காதீர்கள்.

தமிழிலும் பலகை வைக்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இது, எனக்கும் மனதுக்கு நெருக்கமானது. அரசுப் பல்கலைக்கழகத்தில் மலாய் முதலில் வரும், பெரும்பாலும் ஆங்கிலம் துணைக்கு வரும். நிரந்தரப் பலகை எல்லாவற்றிலும் நான்கு மொழி போட்டால் ஒவ்வொரு மொழியின் எழுத்தும் சிறுத்துப்போகும், அவசரத்தில் யாராலும் படிக்க முடியாது. திசை காட்டும் பலகையில் எண்ணும் எழுத்தும் படக்குறியுமே பேசட்டும். கழிவறைக்கும் சலவை இயந்திரத்துக்கும் போடும் படத்துக்கு மொழி தேவையில்லை.

ஆனால் வரவேற்புப் பலகையிலும் லாபி வரைபடத்திலும் தமிழ் இருக்க இடமுண்டு, விடுதி நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேளுங்கள். பினாங்கில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் 2008-இலிருந்து வைக்கத் தொடங்கிய பன்மொழிப் பெயர்ப்பலகைகளில் தமிழும் இருக்கிறது, கேட்கும்போது அதை எடுத்துக்காட்டலாம். அதைவிட உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் பிள்ளையைக் கொண்டுவந்து விட வரும் அம்மா அப்பாவுக்கு, தாத்தா பாட்டிக்கு, எங்கே கார் நிறுத்துவது, எந்தக் கதவு, எந்த லிஃப்ட் என்று தமிழில் எழுதி நான்கு படங்களோடு வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

"கெலுவார்" பலகைக்கு விதி இருக்கிறதா?

இருக்கிறது, அதில் நாம் கைவைக்கக்கூடாது. யூபிபிஎல் என்று சொல்லப்படும் 1984-ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகளில் 172-ஆவது விதி இதைப் பற்றியது. வெளியேறும் வழி உடனே கண்ணுக்குத் தெரியாத ஒவ்வோர் இடத்திலும் அம்புக்குறியோடு "கெலுவார்" இருக்க வேண்டும். எழுத்து 150 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம், கோடு 18 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம். ஆட்கள் இருக்கும் நேரம் முழுவதும் அதில் விளக்கு எரிய வேண்டும். அலங்காரமோ தளவாடமோ அதை மறைக்கக்கூடாது. தீபாவளிக்குத் தோரணம் கட்டும்போதும் சீனப் புத்தாண்டுக்கு விளக்கு தொங்கவிடும்போதும் இந்தக் கடைசி வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைந்துபோன "கெலுவார்" பலகையைப் பார்த்தால் அன்றைக்கே இ-அடுவான் என்ற இணையப் புகார்த் தளத்தில் புகார் போடுங்கள், படத்தோடு. தீத்தடுப்புக் கதவில் ஆணி அடிப்பதோ துளை போடுவதோ கூடவே கூடாது, தீயைத் தாங்கும் அதன் திறன் கெட்டுப்போகும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்னென்ன வேண்டும்?

முதலில் அவர்களிடமே கேளுங்கள், யாருக்காகச் செய்கிறோமோ அவர் இல்லாமல் திட்டம் போட வேண்டாம். சட்டப்படி இது சலுகை கிடையாது: 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொதுக் கட்டடங்களுக்குள் போய்வரும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு எம்எஸ் 1184 என்ற மலேசியத் தரம் இருக்கிறது. நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டு பெயரும் அதில் இருக்கட்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத வழி எது என்று கேட்டிலேயே தெரிய வேண்டும். படிக்கட்டின் அடிவரை வந்த பிறகு "சாய்தளம் மறுபக்கம்" என்று சொன்னால், அந்த மேட்டுப் பாதையில் அவர் திரும்பிப் போக வேண்டியிருக்கும். நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. பார்வையற்றவருக்குத் தொட்டு உணரும் எண்ணும் பிரெயிலும் அறைக்கதவின் கைப்பிடிப் பக்கச் சுவரில், எல்லாக் கதவுக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கதவிலேயே ஒட்டினால் திறந்திருக்கும்போது அதைத் தேட முடியாது, யாராவது திடீரென்று திறந்தால் இடித்தும்விடும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பலகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அங்கே ஆலோசனை கேட்பது நல்லது.

"நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" வரைபடம் இருந்தும் ஏன் புரிவதில்லை?

திசைதான் காரணம். வரைபடத்தில் மேலே இருப்பது, நிற்பவருக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். ஒரே படத்தை வடக்கு மேலே வைத்து எல்லாச் சுவரிலும் ஒட்டினால், தெற்குப் பார்த்து நிற்பவருக்கு இடம் வலமாகிவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் படத்தைத் திருப்பி அச்சடிக்க வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் இதைச் செய்யாத வரைபடம் ஆளைத் தவறான பக்கம் அனுப்பும்.

கியூஆர் குறியீடு, கூகுள் மேப் போதாதா?

கூகுள் மேப் கேட்வரை கொண்டுவரும். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காது, மாடியும் தெரியாது. கியூஆரைக் கூடுதல் தகவலுக்கு வையுங்கள், சலவை நேரம், கஃபே நேரம் மாதிரி. வழி சொல்லும் வேலையை அதற்குக் கொடுக்க வேண்டாம், இரண்டு கையிலும் பெட்டி இருப்பவரால் கைப்பேசியை எடுக்க முடியாது. சாப்பாடு வரும் இடத்துக்கு மட்டும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பலகையிலும் போட்டு, ஆர்டர் செய்யும்போது குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். லாபி மாறிப்போகும் தொல்லை நிறையக் குறையும்.

யார் எந்த அறையில் என்று லாபியில் பெயர்ப்பட்டியல் போடலாமா?

கூடாது, அதுவும் பெண்கள் பிளாக்கில் கண்டிப்பாகக் கூடாது. யார் எங்கே தூங்குகிறார் என்பது வழியில் போகிறவருக்குத் தெரிய வேண்டிய தகவல் அல்ல. அறை எண் மட்டும் போதும். விடுதி மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஃபெலோவின் அறையும் இரவுப் பாதுகாவலரின் எண்ணும் தெளிவாக இருக்கட்டும், அவை எல்லாருக்கும் வேண்டியவை.

பதிவு நாளுக்கு மட்டும் தனிப் பலகை வேண்டுமா?

வேண்டும். அன்றைக்குக் கார்கள் வரிசையாக வரும், ஓட்டுபவர் பதற்றத்தில் இருப்பார். ஒரு பலகையில் இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்: "பதிவு" ஓர் அம்புக்குறி, "ஆண்கள் பிளாக்" ஓர் அம்புக்குறி. முடிந்தால் கார் போவதற்கு ஒரே வழி, திரும்புவதற்கு வேறு வழி. நம் ஊரில் சாயங்கால மழையை நம்பவே முடியாது, தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினால் கூழாகிவிடும். பிளாஸ்டிக் நெளிதகட்டில் அச்சடித்து கேபிள் டையில் கட்டுங்கள். மறுநாள் காலையே கழற்றிவிடுங்கள். போன வருடத்துப் பதிவு நாள் அம்புக்குறி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் மற்ற பலகைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கையில் பணமே இல்லை. என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். முதலில் பழையவற்றைக் கழற்றுங்கள்: முடிந்துபோன நிகழ்ச்சிகளின் சுவரொட்டி, கிழிந்த அறிவிப்பு, பொய்யான அம்புக்குறி. அதற்கு ஒரு காசும் வேண்டாம், ஆனால் சுவர் தெளிந்ததும் நல்ல பலகைகள் தாமாகவே தெரியும். அப்புறம் அனுமதி வாங்கிக்கொண்டு அட்டையில் எண்களை வெட்டி, பெயின்ட் வாங்கி, படிக்கட்டுச் சுவரில் மாடி எண்களைப் பூசுங்கள். ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பிளாக் முடிந்துவிடும். ஆணி, துளை வேலை மட்டும் பராமரிப்புத் துறையிடம் விடுங்கள், சுவருக்குள் மின்கம்பி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது.

வைத்த பலகை சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேறு விடுதியில் இருக்கும் ஒருவரை அழைத்து வாருங்கள். கேட்டில் நிறுத்தி ஓர் அறை எண்ணைக் கொடுங்கள், கைப்பேசியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னாலேயே பேசாமல் நடங்கள். எங்கே நின்றார், எங்கே திரும்பிப் பார்த்தார், எந்தக் கதவைத் தவறாகத் திறந்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "இந்தப் பக்கம்" என்று வாய் திறந்து உதவ மிகவும் ஆசையாக இருக்கும், உதவாதீர்கள். அவர் தயங்கி நின்ற ஒவ்வோர் இடமும் அடுத்த பலகைக்கான இடம். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை செய்யுங்கள். கிளீனிங் செய்யும் மக்சிக்கிடமும் பாக் கார்டிடமும், "எங்கே நின்று உங்களிடம் அதிகம் வழி கேட்கிறார்கள்?" என்று கேளுங்கள். எங்கே பலகை இல்லை என்பது நிர்வாகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செயற்குழு வருடா வருடம் மாறுகிறதே, பிறகு யார் பார்த்துக்கொள்வது?

ஒவ்வொரு பலகையையும் படமெடுத்து, இடம், அளவு, எழுதியிருக்கும் வாசகம், வைத்த மாதம் எல்லாம் போட்டு ஒரே கோப்பில் வையுங்கள். அச்சுக்குக் கொடுத்த கோப்பையும் சேர்த்து வையுங்கள், ஒரு பலகை உடைந்தால் அதே எழுத்துருவில் அதே நிறத்தில் திரும்ப அடிக்க அது வேண்டும். விடுதி அலுவலகத்தில் ஒரு பிரதி, அடுத்த செயற்குழுவுக்கு ஒரு பிரதி. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் புதியவரோடு கேட்டிலிருந்து மேல்மாடிவரை ஒருமுறை நடந்து, எந்தப் பலகைக்கு நிர்வாகத்தின் அனுமதி வாங்கியிருக்கிறது, எதற்கு இன்னும் பதில் வரவில்லை என்று காட்டிவிடுங்கள்.